சியா வீட்டுப் பெண்ணின் நீர்முறை

1986, மூன்றாம் திங்கள், ஐந்தாம் நாள். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. மதகுக் கோயிலில் நிற்கும் கல்லில் இருபத்தொரு வரிகள் என்று எழுதியிருந்தேன். இருபத்திரண்டு. ஒருமுறை மட்டும் எண்ணிவிட்டு எழுதியது என் தவறு. ஊர்க்குழுத் தலைவரிடம் இன்றே சொல்லித் திருத்த வேண்டும்.

இவ்வாறு எழுதி மை உலரும்வரை தாளை ஊதிக்கொண்டிருந்த சுன்யா, அந்தப் பிழை தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அறியாள்.

மஞ்சள் மண் மலைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து உறங்கும் நாட்டில், மழை என்பது விருந்தாளியைப் போல் ஆண்டுக்கு இருமுறை எட்டிப்பார்த்துவிட்டுச் செல்லும் நிலத்தில், பாங்கோ என்னும் சிற்றூர் கிடந்தது. மலைச்சரிவைக் குடைந்து அமைத்த குகை வீடுகளின் வாயில்களிலிருந்து காலைப் புகை எழுந்து, வாதுமை மலர்களின் வெண்மையோடு கலந்து, எது புகை எது பூ என்று அறியவொண்ணாதபடி பள்ளத்தாக்கை நிறைத்திருந்தது. மேலே, சியா குடியினரின் மேலூரையும் கடந்து, பாறையின் அடிவயிற்றிலிருந்து ஓர் ஊற்று பெருகி வந்தது. அது வரும் வழியில் நெடுங்கல் ஒன்று குறுக்கே கிடந்தது. அந்தக் கல்லில் பத்துக் கண்கள் துளைக்கப்பட்டிருந்தன. ஏழு கண்ணின் நீர் பாங்கோவுக்கு, மூன்று கண்ணின் நீர் மேலூருக்கு. முந்நூறு ஆண்டுகளாக அவ்வூரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் தாய்ப்பாலுக்கு அடுத்தபடி குடித்தது அந்த ஏழு கண்ணின் நீரையே.

அந்த ஏழு கண்கள் எப்படிக் கிடைத்தன என்பதை ஊரில் அறியாதவர் இல்லை. மூன்றாண்டு வறட்சியில் இரண்டு ஊர்களும் மண்வெட்டியால் ஒருவர் மண்டையை ஒருவர் பிளந்துகொண்டிருந்த காலத்தில், பல்லக்கில் வந்திறங்கிய நடுவர், ஏர்க்கொழு ஒன்றை உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சச் சொன்னார். அதை வெறுங்கையில் ஏந்தி எவ்வளவு தொலைவு நடக்கிறீர்களோ அவ்வளவு நீர் உங்களுக்கு என்றார். பாங் குடியின் வீரன் பாங் யொங் என்பான் அதை ஏந்தி நடந்தான். அவன் நடந்த நடைக்கு ஏழு கண் கிடைத்தது. அவன் கைகள் கரிந்து மூன்றாம் நாள் உயிர் நீத்தான். ஊரார் அவனுக்குக் கோயில் எடுத்தனர். பழையன யாவற்றையும் உடைப்போம் என்று சம்மட்டியோடு ஊர் ஊராய் இளையோர் கூட்டம் திரிந்த ஆண்டுகளில் அவன் சிலை தூளாயிற்று. கோயிற் கல்லை மட்டும் எவரோ இரவோடிரவாகச் செங்கற் சுவருக்குள் வைத்துப் பூசிக் காத்தனர். இப்போது நிலம் மறுபடியும் குடும்பங்களின் கைக்கு வந்தபின், சுவர் இடிக்கப்பட்டது, கல் வெளிவந்தது, புதிய மண்சிலை ஒன்று மீசையும் புடைத்த தோள்களுமாகக் கோயிலில் ஏறி அமர்ந்தது. பழைய கல் தேய்ந்துவிட்டமையால் புதிய கல் ஒன்று வெட்டுவதென முடிவாயிற்று. அதற்குரிய படியை எழுதித் தருமாறு, பகலெல்லாம் காடிக் கொட்டகையில் புளித்த சோளத்தைக் கிளறிவிட்டு மாலையில் இரண்டு கல் தொலைவு நடந்து சந்தைப்பேட்டை மாலைப்பள்ளியில் படித்துவந்த சுன்யாவைக் கேட்டிருந்தனர். ஊரிலேயே திருத்தமான கையெழுத்து அவளுடையது. தன் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் அவள் நம்புவதில்லை. அதையும் இருமுறை பார்த்துத்தான் நம்புவாள்.

கல்லின் வலப்பக்கம் முகில் சுருள்கள் செதுக்கிய ஓர விளிம்பு இருந்தது. இடப்பக்கம் அது தெரியவில்லை, இடிக்காமல் விட்ட சுவர்த் துண்டு அங்கே ஒட்டி நின்றது. அந்நாட்டு வரிகள் மேலிருந்து கீழாக எழுதப்பட்டு, வலமிருந்து இடமாகச் செல்பவை. முந்தைய நாள் அதைக் கவனியாத கண்களை அன்று காலை தனக்குள் வைதுகொண்டே, மாவு சுரண்டும் இரும்புத் தகட்டால் சுவரின் மண்பூச்சை அவள் மெல்லச் சுரண்டினாள். செங்கல்லொன்று அசைந்து விழுந்தது, பின்னர் இன்னொன்று. சுவருக்குள் ஒளிந்திருந்த கடைசி வரி, சிறையிருந்தவன் முதல் வெளிச்சத்தில் கண் கூசி நிற்பதுபோல் நின்றது. அதை எழுத்தெழுத்தாகத் தாளில் இறக்கிய சுன்யாவின் கை நடுவிலேயே நின்றுவிட்டது.

"ஐந்தடிக்கு ஒரு கண்ணாக, கொழுவை ஏந்தி முப்பத்தேழடி நடந்தவள் பாங் யொங்கின் மனைவி, சியா வீட்டுப் பெண். அவள் கை வென்ற மூன்றாம் நீர்முறை என்றும் அவள் வீட்டுக்கே உரியது. ஆணில்லாத காலத்தில் அவ்வீட்டுப் பெண் தலைமதகில் நின்று அதைப் பெறுக."

அவளுக்குப் பெயர்கூட இல்லை. பிறந்த வீட்டின் குடிப்பெயரும் புகுந்த வீட்டானின் பெயரும் கூடி அவளைச் சுட்டின. தன்னைப் பெற்ற மேலூரின் நீரை, தன் உடன்பிறந்தார் கண்முன்னே, தன் கையின் தசையை விலையாகக் கொடுத்து வாங்கி வந்தவளுக்கு முந்நூறு ஆண்டுகள் தந்த கைம்மாறு இது! அவள் கொழுவை ஏந்தினாள். அவர்கள் அவள் கணவனுக்கு மீசை வைத்தார்கள். அதுவும் போதாதென்று, வாய்க்கால் திறக்கும் நாளில் பெண்ணொருத்தி தலைமதகை மிதித்தால் நீரரசன் நாணி நிலத்துக்குள் போய்விடுவான் என்றும் ஒரு கதை கட்டினார்கள். எவள் கையால் நீர் வந்ததோ அவள் இனத்தின் கால் அதில் படக்கூடாதாம்!

அந்த மூன்றாம் நீர்முறை இன்று வெறுங்கதையன்று. ஏழு கண்ணின் நீரும் வீட்டுக்கு வீடு வரிசை முறையில் பாயும் அவ்வூரில், மூன்றாவது முறை வழிவழியாகச் சுன்யாவின் வீட்டுக்கு வந்தது. சுன்யாவின் அண்ணன் சென்ற மாரியில் நிலக்கரிச் சுரங்கம் இடிந்து மாண்டுபோனான். அவனுடைய மூன்று துண்டு கோதுமை வயலும், நான்கு வயதுப் பெண்குழந்தையும், மூன்றாம் நீர்முறையும் அவன் மனைவி ஐச்சினிடம் எஞ்சின. வாய்க்கால் திறக்கும் எட்டாம் நாளன்று தலைமதகில் நின்று முறையைக் கேட்டுப்பெற ஆண்மகன் இல்லாத வீட்டின் முறை, வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும் என்பது ஊர் வழக்கம். கடைசி முறை வரும்போது இருபது நாள் கழிந்திருக்கும். கோதுமை கணு விடும் பருவம் கடந்திருக்கும். கடைமடையில் அவள் வயல் வைக்கோலாகியிருக்கும். காலியாகும் மூன்றாம் முறை ஊர்க்குழுத் தலைவர் மான்சாங்கின் தம்பி மகனுக்கு என்று முன்னமே பேசி முடித்திருந்தார்கள்.

நண்பகலில் ஐச்சின் களைக்கொத்தோடு அவ்வழி வந்தாள். துயரத்தை நாவின் கூர்மையால் அரிந்து அரிந்து சிறிதாக்கி விழுங்கும் இயல்பினள் அவள்.

"என்ன நாத்தனாரே, காலையிலேருந்து கல்லுகிட்டயே நிக்கிறே? அதுவாவது உனக்கு மாப்பிள்ளை பாத்துச் சொல்லுதா?"

"சிரிக்காதீங்க அண்ணி. உக்காருங்க. இதைக் கேளுங்க."

கேட்டு முடித்த ஐச்சின் களைக்கொத்தை மடியில் கிடத்தினாள். பிறகு, "மேலூர்க்காரியா?" என்றாள். "அப்ப அவ அண்ணன் தம்பியெல்லாம் எதிர்ல நின்னு பாத்திருப்பானுங்களே." களைக்கொத்தின் பிடியைத் தன் உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். "சரி. வரி கெடக்கட்டும். தண்ணி வருமா, வராதா? அதைச் சொல்லு."

பிழையை ஒப்புக்கொண்டு திருத்துவது அறம் என்று மாலைப்பள்ளியில் கற்றவள் ஆதலால், அன்று மாலையே சுன்யா மான்சாங்கின் வீட்டுக்குச் சென்று, எண்ணிக்கையில் தான் தவறியதையும் கடைசி வரியையும் ஒளிவின்றிச் சொன்னாள். குடியில் மூத்தவரும், அவளுக்குப் பெரியப்பா முறையினருமான மான்சாங், கொதிநீரைக் கிண்ணத்தில் ஊற்றி அவளிடம் நீட்டி, "நல்லது, பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் வியப்பென்பது துளியும் இல்லை. அதைக் கவனித்தும் அதற்குப் பொருள் கொள்ளத் தெரியாமல் வந்தாளே, அது அவளுடைய இரண்டாம் பிழை.

மூன்றாம் பிழை இதைவிடக் கொடியது. இரவு முழுவதும் ஓர் ஐயம் அவளைக் குடைந்தது: முப்பத்தேழா, இருபத்தேழா? கல் தேய்ந்திருந்த இடம் அது. மறுநாள் மாலை ஆசிரியரைக் கேட்டபோது அவர், "கண்ணால் படித்ததைக் கையால் ஒற்றி எடு, ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி மைப்பொதியால் தட்டினால் கல் தானே பேசும்" என்றார். அவ்வாறே தாளும் மையுமாக ஏழாம் நாள் காலை அவள் கோயிலுக்கு ஓடினாள். ஒரு நாள் கடந்திருந்தது. அந்த ஒரு நாளில், சுவர் மறுபடியும் எழும்பிக் கல்லின் இட ஓரத்தை விழுங்கியிருந்தது. ஈரம் காயாத சுண்ணச் சாந்து பல்லிளித்தது. நீர்முறைகளுக்குப் பறையறைந்து மடை திறக்கும் நீர்க்கட்டி சுவான்கூ, வாய்க்கால் ஓரத்தில் குந்தியபடி சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"யாருண்ணே பூசச் சொன்னது?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? ஓட்டை இருக்கு, அடைன்னாங்க. அடைச்சேன்."

"அடைக்கும்போது படிச்சீங்களா?"

சுவான்கூ கரண்டியைத் திருப்பித் திருப்பிக் கழுவினான். அது முன்பே தூயதாக இருந்தது.

அவன் பின்னாலிருந்து மான்சாங்கின் குரல் வந்தது. "அவனை எதுக்குக் கேக்கறே? என்னைக் கேளு. நான்தான் பூசச் சொன்னேன். இன்னைக்கு மட்டுமில்ல, இருபது வருஷம் முந்தியும் நான்தான். சம்மட்டியைத் தூக்கிட்டு அந்தப் பசங்க வந்த அன்னைக்கு ராத்திரி, ஒண்டி ஆளா இந்தக் கல்லைச் செங்கல்லுக்குள்ள வெச்சுப் பூசினவன் நான். மாட்டியிருந்தா என் கழுத்துல குத்தம் எழுதின பலகையை மாட்டி ஊரு பூரா இழுத்திருப்பானுங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியாது பெரியப்பா."

"இப்பத் தெரிஞ்சுக்க. காப்பாத்துனவனுக்குத் தெரியும், எதைத் திறக்கணும், எதைத் திறக்கக்கூடாதுன்னு."

"அப்ப அந்த வரியை நீங்க அப்பவே படிச்சிருக்கீங்க."

"படிச்சேன். மேலூர்க்காரி கைதான் வாங்கிக் குடுத்துச்சுன்னு கல்லுல வெட்டி நட்டா, நாளைக்கே அவனுங்க வருவானுங்க. எங்க வீட்டுப் பொண்ணு வாங்குன தண்ணி, எங்களுக்கே குடுன்னு கேப்பானுங்க. ஏழு கண்ணும் போயிடும். உங்க அண்ணி ஒருத்திக்காக ஊரைக் காயப்போடச் சொல்றியா?"

"மூணாம் முறை உங்க தம்பி மகனுக்குப் போறதும் ஊருக்காகத்தானா பெரியப்பா?"

மான்சாங் சிரித்தார். "சுன்யா, நாலாம் தேதி இருபத்தொண்ணுன்னே. அஞ்சாம் தேதி இருபத்திரண்டுன்னே. உன் வாயாலயே தப்புன்னு வந்து சொன்னே. நாளைக்கு ஊரு முன்னால போயி இருபத்திமூணுன்னு சொல்லு. நல்லா சிரிப்பாங்க."

நேர்மையையே கல்லாக எடுத்து நேர்மையுடையோர் மேல் எறிவது அதிகாரத்தில் இருப்போர்க்குக் கைவந்த கலை. உயிரைப் பணயம் வைத்துக் கல்லைக் காத்த அதே கை, தம்பி மகனின் வயலுக்காக ஒரு வரியின் கழுத்தை நெரித்துக் கொன்றது. இரண்டும் ஒரே மனிதன் செய்தவை என்பதால் முதலாவதற்காக இரண்டாவதைப் பொறுப்பதா? பொறுக்கலாகாது. சுன்யா பொறுக்கவில்லை. ஆனால் அவளிடம் இருந்தது அவளே எழுதிய ஒரு தாள் மட்டும். அதிலும் ஓர் எண்ணை அவளே ஐயுற்றாள்.

எட்டாம் நாள் விடிந்தது. தலைமதகின் கரைமேல் ஆடவர் அனைவரும் மண்வெட்டிகளோடு கூடினர். பெண்டிர் வழக்கப்படி கரைக்குக் கீழே, வெட்டிய மண்மேட்டுக்கு அப்பால் நின்றனர். கோயில் வாயிலில் கரியுலை கனன்றுகொண்டிருந்தது. அதில் பழைய ஏர்க்கொழுவொன்று செக்கச்செவேலெனப் பழுத்துக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் அதைக் குறட்டால் எடுத்து முதல் நீரில் ஆழ்த்துவார்கள். சீறியெழும் ஒலி கேட்டபின்பே மடை திறக்கும். வீரன் பாங் யொங்கின் புகழ் பாடப்பட்டது. மண்சிலையின் மீசை புதுச்சாயத்தில் மின்னியது. கீழே நின்ற சுன்யாவின் பார்வை, பாடலைக் கேளாமல், குறுக்கே கிடந்த நெடுங்கல்லில் பாங்கோவின் பக்கமிருந்த கண்களையே ஒவ்வொன்றாய் எண்ணியது. ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழு. ஐந்தடிக்கு ஒரு கண். இருபத்தேழடி நடந்திருந்தால் ஐந்து கண்ணே கிடைத்திருக்கும். முப்பத்தேழு நடந்தால்தான் ஏழு. அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அவளுக்குள் ஐயம் என்பது முற்றிலும் அடங்கி, அது இருந்த இடத்தில் சினம் வந்து அமர்ந்தது.

அவள் கரையேறினாள். "ஏய், ஏய்! பொம்பளை ஏறுது!" என்று கூச்சல் எழுந்தது. தாளை விரித்து, நடுங்காத குரலில், கடைசி வரி முழுவதையும் படித்தாள். பிறகு சிரிப்பு.

"கல்லுல எங்கம்மா இருக்கு அது? காட்டு!"

"சாந்துக்குப் பின்னால இருக்கு."

"காடிப் பானைக்குள்ள இருக்கும், போய்ப் பாரு!" என்றான் மான்சாங்கின் தம்பி மகன். சிரிப்பு இருமடங்காயிற்று.

"பெரியப்பா," என்றாள் சுன்யா. "அந்த வரி இல்லைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, வீரனைக் கும்பிட்டுட்டு, அந்தக் கொழுவைக் கையால எடுங்க. எடுத்தா நான் என் தாளை இங்கேயே கிழிச்சுப் போடறேன்."

மான்சாங் கொழுவைப் பார்த்தார். எடுக்கவில்லை. "பைத்தியக்காரி மாதிரி பேசாதே," என்றார்.

"அப்ப நான் எடுக்கறேன். இருக்குன்னு சொல்லிட்டு எடுக்கறேன்."

சொன்னவள் உலையை நோக்கி நடந்தாள். கை நீண்டது. வெம்மை விரல் நுனியைத் தீண்டிய அக்கணத்தில், பின்னாலிருந்து ஒரு கை அவள் பின்னலைப் பற்றி இழுத்தது. ஐச்சின்! மண்மேட்டைத் தாண்டி, மண்வெட்டியோடு, அவளும் கரையேறி வந்திருந்தாள்.

"கை வெந்து போச்சுன்னா எவடி என்கூடக் களையெடுக்கறது? ஒருத்தி கை வெந்தது போதும். அதுக்கே இவனுங்க முந்நூறு வருஷமா வேற ஆளுக்குக் கும்பிடு போடறானுங்க. உன் கைக்கு யாருக்கு மீசை வரையப் போறானுங்களோ!"

எவனோ ஒருவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான். ஐச்சின் எவரையும் பாராமல் தலைமதகின் மேல் ஏறி, மூன்றாம் முறைக்காரர் நிற்கும் கல்லின்மேல் காலூன்றி நின்றாள். நீரரசன் நாணவில்லை, நிலம் பிளக்கவில்லை, ஊற்று எப்போதும்போல் வந்துகொண்டேயிருந்தது. "இறங்குடி!" என்று தம்பி மகன் பாய்ந்தான். மண்வெட்டியைக் குறுக்கே பிடித்தபடி ஐச்சின், "என் புருஷன் நின்ன கல்லு இது. நிலக்கரிக்குள்ள கெடக்கான். வேணும்னா அவனைக் கூட்டிட்டு வா, இறங்கறேன்," என்றாள்.

அவன் கை அங்கேயே நின்றது. கீழே நின்ற பெண்டிரிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்து, காற்றில் சாயும் கதிர்போல் கரையை நோக்கிச் சாய்ந்தது. மான்சாங் நீர்க்கட்டியின் பக்கம் திரும்பி, "சுவான்கூ, முறையைக் கூப்பிடு. முதல் முறை, ரெண்டாம் முறை, அப்புறம் என் தம்பி மகன்," என்றார்.

சுவான்கூ குறட்டால் கொழுவை எடுத்து நீரில் ஆழ்த்தினான். வெண்புகை சீறி எழுந்தது. முதல் முறைக்கு ஒருமுறை பறையறைந்தான். இரண்டாம் முறைக்கு இருமுறை. பின்னர் கோலை உயர்த்தியபடி நெடுநேரம் நின்றான். அவன் நகக்கண்களில் நேற்றைய சுண்ணம் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"படிச்சேன் தங்கச்சி," என்றான், சுன்யாவைப் பாராமல். "அடைக்கும்போது படிச்சேன். முப்பத்தேழுதான்."

பறை மும்முறை அதிர்ந்தது. "மூணாம் முறை, ஐச்சின் வீட்டுக்கு!"

மான்சாங் கரையிறங்கினார். வழிவிட்ட ஆடவருள் பாதிப்பேர் அவர் பின்னே போனார்கள், பாதிப்பேர் போகவில்லை. முந்தைய முறைகள் இரண்டும் முடிந்து, மூன்றாம் முறை நீர் பிற்பகலில் கடைமடையை அடைந்தபோது, ஐச்சின் தன் பெண்குழந்தையை வரப்பில் உட்காரவைத்து, வயலுக்குள் நீர் மண்ணை நனைத்து நனைத்து முன்னேறுவதை இமையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்த மண் நீரைக் குடிக்கும் ஒலி, நெடுநாள் அழாதவர் அழத் தொடங்குவதுபோல் கேட்டது.

படிப்போரே, இக்கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் நடந்ததை நடந்தவாறு சொல்லவேண்டிய கடப்பாடு உண்டு. பொழுது சாயும் வேளையில், இருவரும் குழந்தைக்குத் தினைக்கஞ்சி காய்ச்ச வீடு திரும்பிய அரைநாழிகைக்குள், எவரோ கீழ்வரப்பை வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்து பார்க்கையில் வயலின் பாதி நீர் ஓடைப்பள்ளத்தில் ஒருவருக்கும் பயன்படாமல் வழிந்துகொண்டிருந்தது. வெட்டியவன் எவன் என்று எவரும் பார்க்கவில்லை. ஊர் பார்க்காமலிருக்க நன்கு பழகியது. நீரை மறுத்தால் மறுத்தவனுக்காவது அது பயன்படும். மறுக்க முடியாதபோது அதை மண்ணில் கொட்டிவிடுவது என்ன பயனுக்கு? தனக்குக் கிட்டாதது அவளுக்கும் கிட்டலாகாது என்ற அந்தப் பயனுக்குத்தான். கொடுமை வேறெந்தக் கூலியையும் கேட்பதில்லை.

ஐச்சின் அழவில்லை. "மேல்பாதி நனைஞ்சிடுச்சு," என்றாள். "மேல்பாதி போதும், இந்த வருஷம் கஞ்சிக்கு." வழியும் நீரைப் பார்த்துவிட்டு, "போதாது," என்றாள். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, உடைப்பின் வாயில் கல்லும் புல்லும் திணித்தாள். சுன்யாவும் இறங்கினாள். நீர் குளிர்ந்திருந்தது. இருவர் கையும் அந்த உடைப்பை அடைக்கப் போதவில்லை.

நெருப்பை ஏந்திய கையை மறந்து நெருப்பை மட்டும் பாடிய ஊர் அது. மறந்தவர்கள் மறதியால் மறக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் எவனோ ஒருவன் சாந்து குழைத்திருக்கிறான், எவனோ ஒருவன் பூசியிருக்கிறான், பலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவள் பெயரை இனி எவரும் அறியப்போவதில்லை. அவள் வாங்கிய நீர் மட்டும் இன்னும் வருகிறது. அதற்காக ஒவ்வோர் ஆண்டும் ஒருத்தி கரையேறிச் சண்டையிடவேண்டியிருக்கிறது.

மூன்றாம் திங்கள், எட்டாம் நாள். மாலை. மூன்றாம் முறை கிடைத்தது. கீழ்வரப்பு உடைக்கப்பட்டது, உடைப்பின் அகலம் ஏழடி, இருமுறை அளந்தேன். யார் என்று தெரியாது, தெரியாததை எழுதவில்லை. நாளை: காடிக் கொட்டகைக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். விடிந்ததும் அண்ணியோடு வரப்பை அடைக்க வேண்டும். இரண்டு மண்வெட்டி போதாது. மூன்றாவதைச் சுவான்கூ அண்ணனிடம் கேட்க வேண்டும்.